தறிக்கூடத்துக் குழல் விளக்கை எல்.இ.டி.க்கு மாற்றுதல்

தறிக்கு மேலே நான்கடி நீளத்திற்குக் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கும் குழல் விளக்கை அறியாத நெசவாளர் இலர். பாவில் அறுந்த இழையைக் கண்டு முடிவதும், ஊடையின் நிறம் பிசகாமற் பார்த்துக்கொள்வதும், கரையும் உடலும் கூடுமிடத்தைக் கவனிப்பதும் அதன் வெளிச்சத்திலேயே நடந்துவந்துள்ளன. அவ்விளக்கின் காலம் இப்போது முடிவை நெருங்கிக்கொண்டிருக்கிறது. பாதரசத்தைப் பயன்படுத்தும் பொருள்களைக் குறைப்பதற்காக 2013-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டுக் குமமோட்டோ நகரில் மினமாட்டா உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியா 2018-இல் அதனை ஏற்று உறுதிசெய்தது. 2023-இல் ஜெனீவாவில் கூடிய உறுப்பு நாடுகள், நீண்ட குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-ஆம் ஆண்டு முடிவுக்குள் நிறுத்திவிடுவதெனத் தீர்மானித்தன. ஆகவே மாற்றுவதா வேண்டாவா என்பது இப்போது கேள்வியன்று. எவ்வாறு மாற்றுவது என்பதே கேள்வி.

‘பழைய குழலைக் கழற்றிவிட்டுப் புதிய குழலை மாட்டினால் போயிற்று, இதில் என்ன இருக்கிறது?’ என்று அங்கத்தினர் பலர் எண்ணுவது இயல்பே. இரண்டு குழல்களும் ஒரே நீளம். இரண்டின் முனைகளிலும் இரண்டிரண்டு ஊசிகள். ஒரே ஹோல்டரில் இரண்டும் ஏறும். உருவத்தில் உள்ள இந்த ஒற்றுமையே ஆபத்துக்கு இடமாகிறது. உள்ளே நடக்கும் வேலை இரண்டுக்கும் முற்றிலும் வேறு. அதனைச் சற்று விளங்கிக்கொண்டால் எந்தக் கம்பியை எடுக்க வேண்டும், எதை ஒருபோதும் செய்யலாகாது என்பவை தாமே புலப்படும்.

பழைய குழலினுள்ளே சிறிதளவு பாதரச ஆவியும் ஆர்கான் வாயுவும் உள்ளன. இரு முனைகளிலும் மெல்லிய சுருள்கம்பி ஒவ்வொன்று உண்டு. ஸ்விட்சைப் போட்டதும் மின்சாரம் சோக்கின் வழியாக ஒரு முனைக்கு வந்து, சுருள்கம்பியைக் கடந்து, ஸ்டார்ட்டர் வழியாக மறு முனைச் சுருள்கம்பிக்குச் செல்கிறது. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் ஈருலோகத் தகடு சூடேறி வளைந்து தொட்டுக்கொள்ளும், சுருள்கம்பிகள் சிவக்கும், பிறகு தகடு ஆறி விலகும். விலகும் அந்த நொடியில் சோக்கு ஓர் உயர்ந்த மின்னழுத்தத்தை உதைத்துத் தள்ள, வாயுவினூடே மின்சாரம் பாயத் தொடங்குகிறது. இரண்டு மூன்று முறை மினுக்கிவிட்டு விளக்கு எரிவது இதனாலேயே. எரியத் தொடங்கிய பின் சோக்குக்கு வேறொரு கடமை உண்டு. வாயுவுக்குள் மின்னோட்டம் தானே கட்டுப்பட்டு நில்லாது. விட்டால் ஏறிக்கொண்டே போகும். அதனை அடக்கி வைப்பது சோக்கு. குதிரைக்குக் கடிவாளம் போன்றது அது. அந்தக் கடிவாளத்திற்கும் தீனி வேண்டியிருக்கிறது: 36 வாட் குழலுக்குப் பழைய தாமிரச் சோக்கு மேலும் 10 முதல் 15 வாட் வரை தின்றுவிடும். தொட்டுப் பார்த்தால் சுடுவதும், இரவில் ரீங்கரிப்பதும் அந்தச் செலவின் அடையாளங்களே.

எல்.இ.டி. குழலில் வாயுவும் இல்லை, சுருள்கம்பியும் இல்லை. மிளகளவினும் சிறிய திண்மச் சில்லுகள் ஒரு பட்டையில் வரிசையாக ஒட்டப்பட்டுள்ளன. ஒவ்வொரு சில்லும் நீல ஒளியைத் தருகிறது. அதன்மேல் பூசிய மஞ்சள் நிறப் பொருள் அவ்வொளியில் ஒரு பகுதியை மாற்ற, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெண்மையாகத் தெரிகிறது. இந்த நீல ஒளிச் சில்லைச் செய்து முடித்ததற்காகவே அகசாகி, அமானோ, நகமுரா என்னும் மூவருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. சில்லுகளுக்கு வேண்டிய மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவர் என்னும் சிறு மின்கருவி குழலின் உள்ளேயே அடங்கியிருக்கும். எனவே இதற்குச் சோக்கும் தேவையில்லை, ஸ்டார்ட்டரும் தேவையில்லை.

இனி, கடையில் கிடைக்கும் எல்.இ.டி. குழல்கள் ஒரே வகையின அல்ல என்பதை அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

முதல் வகை, பழைய சோக்கை அப்படியே விட்டுவிட்டுப் பொருத்தத்தக்கது. இதனோடு ஒரு போலி ஸ்டார்ட்டரும் பெட்டியிலேயே வரும். பழைய ஸ்டார்ட்டரைத் திருகி எடுத்துவிட்டு இதனை வைக்க வேண்டும். கம்பி வேலை ஒன்றும் இல்லை. வீட்டில் ஒன்றிரண்டு விளக்கே வைத்திருப்பவர்க்கும், ஒயர்மேன் எளிதிற் கிடைக்காத ஊர்களுக்கும் இஃது ஏற்றது. சோக்கு சிறிதளவு மின்சாரத்தைத் தொடர்ந்து வீணாக்கும். என்றேனும் அது கெட்டால் விளக்கும் அணையும். குறை அவ்வளவே.

இரண்டாம் வகை, சோக்கை விலக்கிவிட்டு நேரே 230 வோல்ட் கொடுக்கப்படுவது. இதிலும் இரண்டு பிரிவுகள் உள்ளன. ஒன்றில் பேஸ், நியூட்ரல் ஆகிய இரண்டும் ஒரே முனையின் இரண்டு ஊசிகளுக்கு வரும். மறு முனை வெறுமனே தாங்கிப் பிடிப்பதற்கு மட்டும். மற்றொன்றில் பேஸ் ஒரு முனைக்கும் நியூட்ரல் மறு முனைக்கும் வரும். இப்பின்னதில் மறைந்த ஆபத்து ஒன்று உண்டு. மின்சாரம் இருக்கும்போதே குழலின் ஒரு முனையை ஹோல்டரில் ஏற்றிவிட்டு மறு முனையைக் கையில் பிடித்திருப்பவருக்கு, அக்குழலின் வழியாகவே மின்சாரம் வந்து தாக்கலாம். நல்ல தயாரிப்பாளர்கள் இதற்கெனப் பாதுகாப்பு ஏற்பாடு வைத்திருக்கின்றனர். மலிவுச் சரக்கில் அதனை எதிர்பார்க்க முடியாது. ஆதலின் நேரடி இணைப்பு செய்வோர், ஒரு முனையில் மட்டும் மின்சாரம் பெறும் குழலையே வாங்குவது நலம் என்பது நம் கருத்து.

ஒரு முனை வகையிலும் எச்சரிக்கை தேவையே. அவ்வாறு மாற்றியமைத்த பட்டியில், ஒன்றும் அறியாத ஒருவர் பின்னொரு நாள் பரண்மேல் கிடக்கும் பழைய குழலை எடுத்து மாட்டிவிட்டால் என்ன ஆகும்? முழு 230 வோல்ட்டும் அதன் சுருள்கம்பியின் மீது நேரே விழும். கம்பி பளீரென்று கருகும். கண்ணாடி விரிசல் கண்டு தறியின்மேல் உதிரவும் கூடும். அடியில் அமர்ந்து நெய்துகொண்டிருப்பவரின் தலையும், பாவில் பாதி நெய்த புடைவையும் அங்கே இருக்கின்றன என்பதை நினைவிற் கொள்க. இதற்கு ஆகும் செலவு ஒரு காகிதத் துண்டே: ‘எல்.இ.டி. மட்டும். இம்முனையில் 230 வோல்ட். பழைய குழல் மாட்டாதீர்’ என்று அழியாத மையில் எழுதிப் பட்டியின்மேல் ஒட்டிவிட வேண்டும். ஒயர்மேன் ஒட்டமாட்டார், நாமேதான் ஒட்ட வேண்டும்.

மூன்றாவதாக, தாமிரச் சோக்குக்குப் பதிலாக எலக்ட்ரானிக் சோக்கு வைத்த பட்டிகள் உள்ளன. அவற்றோடு ஒத்துப்போகும் எல்.இ.டி. குழல்களும் உண்டெனினும், எந்தச் சோக்கோடு எந்தக் குழல் ஒத்துப்போகும் என்று ஆராய்வதைவிட அச்சோக்கை அகற்றிவிடுவதே எளிது. ஒரு செய்தி மட்டும்: அத்தகைய சில பட்டிகளில் ஒரு முனையின் இரண்டு துளைகளையும் ஒரே கம்பியால் சேர்த்திருப்பர். அதைப் பிரிக்காமல் பேஸையும் நியூட்ரலையும் அம்முனைக்கே கொடுத்தால் அக்கணமே ஷார்ட் ஆகும்.

ஒரே கூடத்தில் பல வகைகளைக் கலந்து வைப்பது கூடாது. சங்கத்து நெசவுக்கூடத்தில் முப்பது பட்டிகள் இருந்தால் முப்பதும் ஒரே வகையாக, ஒரே விதமாக இணைக்கப்பட்டவையாக இருத்தல் வேண்டும். கெட்டுப்போன ஒரு குழலை மாற்ற வருபவர் யாராயினும் யோசிக்காமல் மாற்றலாம்.

மாற்றும் வேலையை உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டே செய்விக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அருகில் நிற்கும் நமக்கும் முறை தெரிந்திருந்தால், அவசரத்தில் விடுபடுபவை விடுபடா. ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. மெயின் ஸ்விட்சை இறக்கி ஃப்யூஸ் கட்டையையும் எடுத்து வைக்க வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் ஸ்விட்சு பேஸில் இல்லாமல் நியூட்ரலில் போடப்பட்டிருக்கிறது. அங்கெல்லாம் விளக்கு அணைந்திருக்கும்போதும் பட்டிக்குள் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். எல்.இ.டி. பொருத்திய பின் ஸ்விட்சை அணைத்தாலும் மின்மினிபோல் மங்கலாகக் குழல் ஒளிர்வதுண்டு. அதற்கு இந்தத் தவறு ஒரு பொதுவான காரணம். அதனைக் கண்டால் ‘நல்ல குழல், இருட்டிலும் ஒளி தருகிறது’ என்று மகிழாமல் ஸ்விட்சு இணைப்பைத் திருத்திக்கொள்க.

டெஸ்டரால் தொட்டு மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்த பிறகு, குழலையும் ஸ்டார்ட்டரையும் எடுத்துப் பட்டியைத் திறக்கலாம். பழைய தொழிற்சாலைப் பட்டிகள் சிலவற்றில் சோக்கோடு ஒரு கண்டென்சரும் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்பும் அது சிறிது நேரம் மின்னைத் தேக்கி வைத்திருக்கும். அதனை வெறுங்கையால் தொடலாகாது. சோக்கு, ஸ்டார்ட்டர் தாங்கி, கண்டென்சர் ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டு, பேஸையும் நியூட்ரலையும் நேரே ஒரு முனை ஹோல்டருக்குக் கொண்டுபோக வேண்டும். மறு முனைக்குச் செல்லும் கம்பிகளைக் கழற்றி எடுத்துவிடுவதே முறை. முறுக்கி ஓரமாக ஒதுக்கி வைப்பது முறையன்று. இணைப்புகளைத் திருகாணிக் கனெக்டரில் இறுக்க வேண்டும். பஞ்சுத் தூசி படியும் தறிக்கூடத்தில், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு தீப்பொறிக்கு இடம் தரும். பட்டி தகரத்தாலானதாயின் எர்த் கம்பி அதனோடு சேர்ந்திருத்தல் கட்டாயம். ஈரத் தரையில் குழித்தறிக்குள் கால் வைத்து அமர்ந்திருப்பவருக்கு எர்த்தும், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பானும் உயிர்க்காப்பு.

இவ்வளவு வேலையும் எல்லாப் பட்டிக்கும் தகுமா என்றால், தகாது. வெப்பத்தில் வெந்து பழுத்த ஹோல்டர் திருகும்போதே உடையும். துருவேறிய பட்டிக்குக் கூலியும் ஹோல்டர் விலையும் கொடுத்துப் புதுப்பிப்பதைவிட, பட்டியோடு சேர்ந்தே வரும் எல்.இ.டி. விளக்கை வாங்கி மாட்டுவது பல சமயங்களில் மலிவு. அதில் குழலை மாற்றி மாட்டும் ஆபத்தும் இல்லை. வீட்டுத் தறிக்கு அதையே நாம் சொல்வோம். நல்ல பட்டிகள் வரிசையாக உள்ள சங்கக் கட்டடங்களுக்கே குழல் மட்டும் மாற்றும் முறை பொருந்தும்.

நிற்க. செலவுக் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளர்க்கு இரண்டு மாதத்திற்கு 200 யூனிட் இலவசமாக இருந்தது, 2023-இல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. ‘இலவச மின்சாரத்தில் சிக்கனம் எதற்கு?’ என்று கேட்கும் அங்கத்தினர் உண்டு. நான்கு குழல்கள் நாளொன்றுக்கு 8 மணி நேரம், மாதம் 25 நாள் எரிவதாகக் கொள்வோம். சோக்கும் சேர்த்து ஒன்றுக்கு 50 வாட் என்றால் இரண்டு மாதத்தில் 80 யூனிட் ஆகும். 20 வாட் எல்.இ.டி. ஆனால் 32 யூனிட். மிஞ்சும் 48 யூனிட், தார் சுற்றும் மோட்டாருக்கும் மின்விசிறிக்கும் பயன்பட்டு, கணக்கு இலவச வரம்பைத் தாண்டாமல் காக்கும். சங்கக் கட்டடத்தின் கணக்கு இன்னும் தெளிவு. 30 பட்டிகள், நாள்தோறும் 10 மணி நேரம், 25 நாள்: பழைய குழலுக்கு மாதம் 375 யூனிட், எல்.இ.டி.க்கு 150. யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 1,800 ரூபாய் மிச்சம்.

ஆனால் நெசவாளருக்கு மின்கட்டணத்தைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. அது கண். எந்த எல்.இ.டி. குழலானாலும் நெசவுக்கு ஏற்றதென்று கொள்வது பிழை. பகல் வெளிச்சத்தில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு சாய நூல்கள், சில விளக்குகளின் கீழ் வேறு வேறாகத் தோன்றும். விளக்கின் கீழ் ஒத்துப்போனவை பகலில் வேறுபட்டு நிற்பதும் உண்டு. இரவில் ஊடைக்கு எடுத்த புதிய சாய நூல், காலையில் புடைவையின் நடுவே கோடு விழுந்தாற்போல் தெரிந்தால் அந்த நஷ்டம் யார் தலையில் விழும் என்பதை நாம் எழுதத் தேவையில்லை.

விளக்குப் பெட்டியின்மேல் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். நிறங்களைப் பகலொளிபோல் காட்டும் திறத்தின் அளவு அது, 100 நிறைவானது. சாதாரண எல்.இ.டி. குழல் 80 அளவில் இருக்கும். வெள்ளை வேட்டிக்கும் துண்டுக்கும் அது போதும். பட்டு நெய்பவரும், சாயச்சாலையில் நிறம் ஒப்பிடுபவரும், சரக்கைத் தரம் பார்த்து வாங்கும் சங்க ஊழியரும் 90-க்கு மேற்பட்டதையே கேட்டு வாங்க வேண்டும். அந்த எண்ணைக் கணக்கிடும் எட்டு நிறங்களில் ஆழ்ந்த சிவப்பு இல்லை. அதற்கு ஆர்-9 என்று தனியே ஓர் எண் உண்டு. மலிவான எல்.இ.டி.யில் சிவப்பு குறைவு. அரக்கும் குங்குமச் சிவப்பும் நம் பட்டுக்கு உயிர்நிறங்கள் அல்லவா! கடைக்காரருக்கு ஆர்-9 தெரியாவிட்டால், அரக்கு நூற்கண்டுகள் இரண்டைக் கையோடு கொண்டுபோய் விளக்கின் கீழும் கடை வாசலிலும் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒளியின் நிறத்தையும் கேட்டு வாங்குக: 6500 என்று குறித்தது பகல் வானத்தை ஒத்த வெண்மை, 3000 மஞ்சள் கலந்தது. நிறம் பார்க்கும் இடத்துக்கு முன்னதே உரியது.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத மினுக்கல். தாமிரச் சோக்கில் எரியும் பழைய குழல் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. அதனால் தலைவலி கொள்வோர் உண்டு. விசைத்தறிக் கூடத்தில் சுழலும் சக்கரம் நின்றிருப்பதுபோல் தோன்றி விபத்துக்கும் வழி செய்யும். நல்ல எல்.இ.டி. இக்குறையை நீக்கும், மட்டமான எல்.இ.டி. பழையதினும் மோசமாக மினுக்கும். இதனை அறிய எளிய சோதனை உண்டு. விளக்கின் கீழ் ஒரு தார்க்குச்சியைப் பிடித்து வேகமாக இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்க்க வேண்டும். குச்சி விசிறிபோல் ஒரே மங்கலாகத் தெரிந்தால் விளக்கு நல்லது. தனித்தனிக் குச்சிகளாக எண்ணத்தக்கவாறு தெரிந்தால் அக்குழலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கைப்பேசியின் கேமராவில் விளக்கைப் பார்த்தால் கறுப்புக் கோடுகள் ஓடுவதும் இதே அடையாளம்.

பழைய குழல் நாற்புறமும் ஒளி வீசியது. கூரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பிய ஒளி ஜக்கார்டுப் பெட்டியின் நிழலை ஓரளவு கரைத்தது. எல்.இ.டி. குழல் தன் முகம் நோக்கிய திசைக்கே பெரும்பாலும் ஒளியைத் தருகிறது. 36 வாட் பழைய குழலின் ஒளி ஏறத்தாழ 2,500 லூமன், 20 வாட் எல்.இ.டி.யின் ஒளி ஏறத்தாழ 2,000 லூமன் என்றாலும் தறிமேல் விழும் வெளிச்சம் குறையாதிருப்பது இதனாலேயே. ஆனால் நிழல் கூர்மையாகும். பட்டி நெசவாளரின் தலைக்குப் பின்னே இருந்தால் அவர் நிழலே அச்சின்மேல் விழும். ஆகவே அவருக்குச் சற்று முன்னே, அச்சுக்கும் படைமரத்துக்கும் இடைப்பட்ட துணியின்மேல் ஒளி படும்படி பட்டியை நகர்த்த வேண்டியிருக்கலாம். பால்நிற உறையுள்ள குழலே வேண்டும். சில்லுகள் தெரியும் கண்ணாடிக் குழல் கண்ணைக் குத்தும்.

‘50,000 மணி நேரம் எரியும்’ என்று பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். சில்லு அவ்வளவு நாள் உழைக்கலாம். தகரக் கூரைச் சூட்டில் டிரைவர் உழைக்காது. இடி மின்னல் காலத்திலும், அழுத்தம் ஏறி இறங்கும் கிராமத்து லைனிலும் முதலில் சாவது அதுவே. மின்னழுத்த உதையைத் தாங்கும் அளவு எத்தனை கிலோவோல்ட் என்று குறித்திருக்கும் குழலை, இரண்டாண்டு உத்தரவாதத்தோடு, ரசீது பெற்று வாங்குக.

விவசாய அங்கத்தினர்க்கும் ஒரு சொல். மோட்டார் அறையில் மும்முனை மின்சாரம் இருப்பதால், விளக்குக்கு ஒரு பேஸும் நியூட்ரலுமே செல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டு பேஸ்களுக்கு இடையே இணைத்துவிட்டால் 415 வோல்ட்டில் டிரைவர் உடனே பொசுங்கிவிடும். களத்திலும் கிடங்கிலும் எல்.இ.டி. பொருத்தினால், கழியும் புற ஊதாக் கதிர் இல்லாமையால் பூச்சி மொய்ப்பது பெரும்பாலும் குறையும். செவ்வந்தி பயிரிடுவோர்க்கோ இரவு விளக்கு வேறு பொருளுடையது: நீண்ட இரவு கண்டால்தான் அச்செடி பூக்கும். பாத்திக்கு அருகே இரவெல்லாம் எரியும் விளக்கு எந்த வகையாயினும் பூவைத் தாமதப்படுத்தும்.

கழற்றிய பொருள்களைப் பற்றி: தாமிரச் சோக்குக்குப் பழைய இரும்புக்கடையில் விலை உண்டு, அதனால் அது பத்திரமாகப் போய்ச் சேரும். விலை இல்லாத குழல்தான் வாய்க்கால் கரையில் உடைந்து கிடக்கிறது. அதிலுள்ள பாதரசம் மண்ணிலும் நீரிலும் கலந்து மீனுக்குள் ஏறும். 2016-இன் மின்னணுக் கழிவு விதிகளிலேயே பாதரச விளக்குகள் சேர்க்கப்பட்டுவிட்டன. குப்பையில் அவற்றை எறிவது முறையன்று. கழற்றிய குழல்களைப் புதிய குழல் வந்த அட்டைப் பெட்டியிலேயே போட்டு, உடையாமல் சங்கக் கிடங்கில் ஒருசேர வைத்து, அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் மொத்தமாக ஒப்படைக்கலாம். தனித்தனி வீடுகளால் ஆகாத இக்காரியம் சங்கத்தால் ஆகும்.

கைதவறி ஒன்று உடைந்துவிட்டால் குழந்தைகளை வெளியே அனுப்பி, கதவு சன்னல்களைத் திறந்து, மின்விசிறியை நிறுத்திக் கால் மணி நேரம் கூடத்தை விட்டு விலகியிருக்க வேண்டும். விளக்குமாறு போட்டுக் கூட்டினால் பாதரசத் தூள் எழும்பும். கையுறை அணிந்து, அட்டையால் துண்டுகளை வாரி, மிஞ்சிய தூளை ஒட்டும் டேப்பாலும் ஈரக் காகிதத்தாலும் ஒற்றி எடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் இட்டு இறுக மூடி, மற்றக் குழல்களோடு சேர்த்து வைக்கலாம். தறியிலிருந்த துணியின்மேல் தூள் விழுந்திருந்தால் உதறாமல் டேப்பால் ஒற்றி எடுத்த பின்பே நெசவைத் தொடர்க.